நுகர்வோர் கேள்வி-பதில்: பன்னிரண்டாயிரம் பாடல்களும் ஒரு டிஜே மென்பொருளும்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வார இறுதிகளில் கல்யாண வரவேற்புகளுக்கும் பிறந்தநாள் விருந்துகளுக்கும் டிஜேயாகப் போகிறேன். சிடிகளிலிருந்து ஏற்றியவையும் இணையத்தில் வாங்கியவையுமாக லேப்டாப்பில் சுமார் 12,000 பாடல்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. விருந்தினர் கேட்கும் பாட்டைத் தேடி எடுப்பதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிந்துவிடுகிறது. மாதச் சந்தா கட்டி செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருள்களில் ஒன்றை வாங்கினால் எல்லாம் தானாக ஒழுங்காகிவிடுமா? எதை வாங்கலாம்?

பதில்: ஒழுங்குபடுத்துவதுதான் நோக்கம் என்றால் இரண்டுக்குமே பணம் கட்ட வேண்டாம். டிஜே மென்பொருள் ஒரு பாடலின் வேகத்தையும் சுருதியையும் கணித்துச் சொல்லும். ஆனால் 'டிராக் 07' என்று பெயரிட்டு வைத்திருக்கும் கோப்பு எந்தப் படத்துப் பாட்டு, யார் பாடியது என்பதை அது கண்டுபிடித்துத் தராது. அந்த விவரங்கள் கோப்புக்குள்ளேயே இருக்கும் டேக் பகுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டால் இன்று செராட்டோ, நாளை வேறொன்று என்று நீங்கள் எங்கே மாறினாலும் அந்த ஒழுங்கு கோப்புகளோடு கூடவே வரும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எம்பி3டேக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நூறு பாடல்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒரே தடவையில் படத்தின் பெயரையும் ஆண்டையும் நிரப்பலாம். தமிழ்த் திரைப்பாடல்களுக்கு நான் சொல்லும் முறை இது: ஆல்பம் என்ற இடத்தில் படம், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர், கம்போசர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், கமென்ட் என்ற இடத்தில் 'மாப்பிள்ளை வருகை', 'சாப்பாட்டு நேரம்', 'குத்து' என்று உங்களுக்குப் பயன்படும் குறிப்பு. இதில் பலரும் கோட்டைவிடுவது ஆங்கில எழுத்துக் கூட்டலில்தான். இளையராஜாவின் பெயர் ஒரு சிடியில் ஒரு விதமாகவும் இன்னொரு சிடியில் வேறு விதமாகவும் இருக்கும். ஒரு பாடகரின் பெயர் ஓரிடத்தில் எஸ்.பி.பி. என்றும் மற்றோரிடத்தில் முழுப்பெயராகவும் இருக்கும். அப்படியிருந்தால் தேடும்போது பாதிப் பாடல்கள்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு கூட்டலை முடிவு செய்து அதையே எல்லாவற்றுக்கும் போடுங்கள். 12,000 பாடல்களையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டியதில்லை. விருந்துகளில் உண்மையில் ஒலிக்கும் சில நூறு பாடல்களை முதலில் முடித்தால், மற்றவை மெல்ல நடக்கும்.

வேகக் கணிப்பையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எண்பதுகளின் பாடல்கள் பெரும்பாலும் கலைஞர்கள் நேரடியாக வாசித்துப் பதிவானவை என்பதால் அவற்றின் தாளம் சற்றே ஏறி இறங்கும். ஆறெட்டு (6/8) தாள நடையில் ஓடும் குத்துப் பாட்டுகளுக்கு மென்பொருள் சில சமயம் முற்றிலும் தவறான எண்ணைத் தந்துவிடும். நிமிடத்துக்கு 70 தட்டு என்பதை 140 என்று இரட்டித்துக் காட்டுவதும் வழக்கம். 110-ஐ ஒட்டிய வேகத்தில் ஓடும் அமாபியானோ என்ற தென்னாப்பிரிக்க நடன இசையிலிருந்து தமிழ்ப் பாட்டுக்குத் தாவும்போது இந்தப் பிழை மேடையில்தான் தெரியவரும். எனவே அடிக்கடி போடும் பாடல்களையாவது தாளத்துக்கேற்பக் கையால் தட்டி வேகத்தைச் சரிபார்த்து வையுங்கள்.

எந்த மென்பொருள் என்பதை உங்கள் கண்ட்ரோலர்தான் (லேப்டாப்போடு இணைத்துப் பாடல்களை இயக்கும் கருவி) தீர்மானிக்க வேண்டும். ரெக்கார்ட்பாக்ஸில் பாடல்களை அடுக்கி யுஎஸ்பியில் ஏற்றும் பகுதி இலவசம். பொருத்தமான கண்ட்ரோலரை இணைத்தால் வாசிக்கும் பகுதியும் சந்தா இல்லாமலே திறந்துகொள்ளும். செராட்டோவுக்கு லைட் என்ற இலவச வடிவம் உண்டு. சில கண்ட்ரோலர்கள் முழு வடிவத்தையே திறந்துவிடும். மிக்ஸ்எக்ஸ் என்ற டிஜே மென்பொருள் முழுவதுமே இலவசம். வர்ச்சுவல் டிஜே என்ற இன்னொன்றை வீட்டில் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உங்களைப் போலக் கூலிக்கு வாசிப்பவர் உரிமம் வாங்கியாக வேண்டும். சந்தாதான் என்று முடிவு செய்தால், டாலரில் காட்டும் விலையோடு 15 சதவீத வாட் வரியும் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேருமா என்று பார்த்துவிட்டு, ஓர் ஆண்டுக்கு எத்தனை ராண்ட் ஆகிறது எனக் கணக்கிடுங்கள். இன்னொன்றும் உண்டு: பாடலில் குறிப்பிட்ட இடத்துக்குத் தாவ நீங்கள் இடும் க்யூ குறிகளை செராட்டோ கோப்புக்குள்ளேயே எழுதுகிறது, ரெக்கார்ட்பாக்ஸ் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. பிறகு மாறினால் அந்த உழைப்பு தானாக உடன் வராது.

கேள்வி: ஐம்பதாயிரம் பாடல்கள் ஏற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்கிறார். எல்லாம் 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரமாம். வாங்கலாமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம். உரிமையாளரின் அனுமதியின்றிப் பாடல்களை நகலெடுத்து விற்பது தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம். அத்தகைய பொருளில் கோளாறு இருந்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? சொல்லும் தரமும் பெரும்பாலும் பெயரளவில்தான். உண்மையான 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. ஆனால் அளவை மட்டும் பார்த்தால் போதாது. 128-ல் இருந்ததை 320 ஆக மாற்றிச் சேமித்தாலும் கோப்பு பெரிதாகும், ஒலித்தரம் கூடாது. பாடலின் ஒலி அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டது போல வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் 128-லிருந்து ஊதிப் பெருக்கியதே. லேப்டாப் ஸ்பீக்கரில் இந்த வேறுபாடு தெரியாது. மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரில் ஜால்ரா ஒலி கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பாடல்களைச் சேமிக்க வாங்கிய புது ஹார்ட் டிஸ்க் நான்கே மாதத்தில் செயலிழந்துவிட்டது. கடைக்காரர், "பணம் தர முடியாது, பழுதுபார்க்கத்தான் அனுப்புவோம்" என்கிறார். அவர் சொல்வது சரியா? (லெனேஷியா வாசகர்)

பதில்: சரியில்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்தால், பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. கீழே போட்டு உடைத்ததென்றால் இது பொருந்தாது. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். கடை மறுத்தால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் செய்யலாம். டிஸ்க்கின் விலை கிடைத்தாலும் அதிலிருந்த பாடல்கள் திரும்பி வரா என்பதால், புதிய டிஸ்க்கோடு இரண்டாவதாக ஒன்றும் வாங்கி நகல் எடுத்து வையுங்கள். நகலெடுக்கும்போது பாடல்களோடு நிறுத்திவிடாமல், செராட்டோ பயன்படுத்துபவர் '_Serato_' என்ற கோப்புறையையும் சேர்த்தெடுக்க வேண்டும். அது லேப்டாப்பின் மியூசிக் கோப்புறையிலும் வெளி டிஸ்க்கிலும் தனித்தனியாக இருக்கும். ரெக்கார்ட்பாக்ஸில் ஃபைல் மெனுவின் லைப்ரரி பகுதியிலேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது.