மாடல் பகிர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டெங்கு பரவலுக்கான கணினி மாடலின் கோட், கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் அந்த லிங்க் போதுமா? (வெள்ளவத்தை)

போதாது. ரெப்போவை (அங்கே கோட் இருக்கும் இடத்தை) நீங்களே ஒருநாள் அழித்துவிடலாம். ஆய்வுக் கோப்புகளைக் காக்கும் தளமான செனோடோவில் கிட்ஹப் கணக்கை இணைத்து, ரெப்போவை ஆன் செய்த பிறகே கிட்ஹப்பில் ரிலீஸ் (எண்ணிட்ட பதிப்பு) போடுங்கள். முன்பே போட்ட ரிலீஸ் அங்கே போய்ச் சேராது. கிடைக்கும் இரண்டு டிஓஐயில் (மாறாத அடையாள இலக்கத்தில்) அந்தப் பதிப்புக்கு உரியதைக் கொடுங்கள்; பொதுவானது எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கொண்டுபோகும்.

ரேண்டம் எண்களைத் தொடங்கும் சீட் எண் ஒன்றுதான், நண்பரின் லெப்டொப்பில் பெறுபேறு வேறு. ஏன்? (தெகிவளை)

எந்த மொழி, எந்தப் பதிப்பு என்று எழுதாமல் கேட்டால் சாத்திரம்தான் பார்க்க வேண்டும். ஆர் மொழி என்றால், 2019இல் வந்த 3.6.0இல் சாம்பிள் எடுக்கும் முறை மாறியது. ஒருவரிடம் அதற்கு முந்தையது இருக்கலாம். பைத்தன் என்றால் இருவரும் பிப் ஃப்ரீஸ் கட்டளையால் பக்கேஜ் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள். பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

லைசன்ஸ் போடாவிட்டால் யாரும் பாவிக்கலாம்தானே? (கொட்டாஞ்சேனை)

நேர்மாறு. போடாவிட்டால் முழு உரிமையும் உங்களுக்கே. யாரும் பாவிக்க விடும் எம்ஐடி லைசன்ஸ் போடுங்கள், உள்ளே ஜிபிஎல் லைசன்ஸில் வந்த பிறரின் கோட் கலந்திருந்தால் உங்களுடையதும் ஜிபிஎல்தான்.

நோயாளர் தரவு இருப்பதால், 'கேட்டால் தருவோம்' என்று எழுதலாமா? (பம்பலப்பிட்டி)

இந்த வரியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. யாரிடம் கேட்பது? மாணவர் பட்டம் பெற்றுப் போனதும் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படும். மேற்பார்வையாளர் தேடி அனுப்பும் 'ஃபைனல்_நியூ2' சிப் கோப்பு, மூன்றாம் வரைபடத்தைத் தந்த பதிப்பாக இருக்காது. தரவைக் காரணம் காட்டி மாடலின் கோடையும் மறைப்பது அதைவிட மோசம். நோயாளரின் முகவரியையும் ஜிபிஎஸ்ஸையும் வெளியிடக்கூடாதுதான். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவு விசேட வகை. உண்மைத் தரவுக்குப் பதிலாக, தரவு அட்டவணையின் அதே நிரல் பெயர்களுடன் நூறு வரி போலித் தரவு செய்து போடுங்கள். கூடவே பராமீட்டர் கோப்பு, ஆரம்ப மதிப்புகள், ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு ஸ்கிரிப்ட், விளக்கக் கோப்பான ரீட்மீயில் ஓட்டும் கட்டளை, பிடிக்கும் நேரம், தேவையான ரேம். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து வாயைத் திறக்காமல் பாருங்கள். பெரும்பாலும் 'சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர்' என்று கோட்டில் எழுதிய கோப்புப் பாதையில்தான் முட்டுவார். பதிப்பு எண்ணும் வேண்டும், மறக்காதீர்கள்.

180 எம்பி கோப்பை கிட்ஹப் ஏற்கவில்லை. (மருதானை)

அங்கே ஒரு கோப்புக்கு 100 எம்பிதான். செனோடோவில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம்.

கோட்டில் இருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அடுத்த கொமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) அழித்துவிட்டேன். சரிதானே? (பொரளை)

பழைய கொமிட்டில் அப்படியே இருக்கிறது. இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.