60 அடி போர் கரிக்கிறது, 200 அடிக்கு இறக்கலாமா?

கேள்வி: கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு, மணல் பூமி. 60 அடி போர்வெல்லில் பல வருஷம் நல்ல தண்ணீர் வந்தது. இப்போது கோடையில் கரிக்கிறது, மழைக்குப் பிறகு தேறுகிறது. 200 அடிக்கு இறக்கினால் சரியாகிவிடும் என்கிறார் போர் போடுபவர். இறக்கலாமா?

பதில்: இறக்காதீர்கள். உப்புத் தண்ணீர் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. எடை குறைந்த நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது, அவ்வளவுதான். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயரமாக நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும்.

உங்கள் தரை கடலைவிட 3 மீட்டர் உயரம், தண்ணீர் நிற்பது இரண்டரை மீட்டர் ஆழத்தில் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் கடலைவிட அரை மீட்டர்தான் உயரம். அப்படியானால் தரையிலிருந்து சுமார் 75 அடியில் உப்பு தொடங்கிவிடும். கோடையில் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நின்றால், கீழிருக்கும் உப்பு காலப்போக்கில் 4 மீட்டர், அதாவது 13 அடி, மேலேறும். 60 அடி போர் அதன் வாயில்தான் நிற்கிறது. 200 அடிக்கு இறக்குவது நேராக உப்புக்குள் இறக்குவது. 100 குடம் நல்ல தண்ணீரில் 2 குடம் கடல் நீர் கலந்தாலே டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 700 மில்லிகிராம் அளவுக்குக் கூடிவிடும்.

போர் போடுபவருக்கு அடிக்கணக்கில் கூலி. துளையிடும்போது அவரே விட்ட நல்ல தண்ணீர் குழியில் தேங்கியிருக்கும். முதல் நாள் அதையே குடிக்கக் கொடுத்து நம்பவைப்பவர்கள் உண்டு. 8 மணி நேரம் ஓடவிட்டு, கடைசியில் எடுத்த டி.டி.எஸ். அளவைத்தான் ஏற்க வேண்டும். சாஃப்ட்னர் விற்பவரையும் நம்ப வேண்டாம். அது சுண்ணாம்புக் கடினத்தைப் போக்கும், உப்பைத் தொடாது.

முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க மோட்டாரை நிறுத்திவைத்து, காலையில் போட்டு 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி நேரம் என்று அளந்து எழுதுங்கள். ஓட ஓட ஏறினால் உப்பு கீழிருந்து இழுபடுகிறது. தொடக்கத்தில் அதிகமாக இருந்து ஓட ஓட இறங்கினால், கேசிங் பைப் (குழிச் சுவர் சரியாமல் தாங்கும் வெளிப் பைப்) துருப்பிடித்து மேலே எங்கோ கசிகிறதா என்று பாருங்கள்.

கீழிருந்துதான் வருகிறது என்றால் இழுக்கும் வேகத்தைக் குறையுங்கள். பெரிய மோட்டாரால் 20 நிமிடத்தில் தொட்டி நிரப்புவதைவிட, அரை குதிரைத்திறன் மோட்டாரில் இடைவெளி விட்டு, நாளில் மூன்று நான்கு முறை எடுங்கள். மோட்டாரை மேலே தூக்கினால் மட்டும் போதாது, அடியிலுள்ள துளைப் பைப் வழியாக உப்பு வந்துகொண்டே இருக்கும். அடிப்பகுதி 15 அடியை பென்டோனைட் (நனைந்தால் உப்பி அடைக்கும்) களிமண்ணும் சிமென்ட் குழம்பும் இட்டு அடைக்கச் சொல்லுங்கள். மோட்டார் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 1000 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 80,000 லிட்டர் கிடைக்கும். முதல் மழையைக் கழித்து, மணல் வடிகட்டி வழியாக ஆழமில்லாத குழியில் விடுங்கள்.

ஆழமாகப் போவதற்கு ஒரே விதிவிலக்கு: தடிமனான களிமண் அடுக்குக்குக் கீழே தனியாக நல்ல தண்ணீர் அடைபட்டிருக்கும் இடங்கள். 'எனக்கும் அப்படித்தான்' என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதுதான் கேடு. அக்கம்பக்கத்து ஆழ்போர் ஒன்றைக் கோடை முடிவில் அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். அப்படியே போட்டாலும், களிமண் வரை துளையில்லாத பி.வி.சி. கேசிங் இறக்கி, பைப்புக்கும் மண்ணுக்கும் இடையிலான இடைவெளியைச் சிமென்ட் குழம்பால் நிரப்ப வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஜல்லி போட்டுவிட்டுப் போகிறவர், மேலடுக்கு உப்பு கீழே இறங்க வழி வெட்டிவிட்டுப் போகிறார். அதன்பின் அந்த நல்ல அடுக்கு உங்களுக்கும் இல்லை, தெருவுக்கும் இல்லை. நீர்மட்டத்தை அளப்பது ஒரு துறை, அனுமதி தருவது இன்னொரு துறை என்று இருக்கும்வரை, அந்த இடைவெளியில் என்ன போட்டார்கள் என்று குனிந்து பார்க்க அதிகாரி யாரும் வரப்போவதில்லை. ஆகவே சிமென்ட் ஊற்றும் நாளில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். எத்தனை மூட்டை போனது என்று எண்ணி எழுதிவையுங்கள்.