துளைக்குத் தக்க நூல்: தோல் வேலையும் கனத் தையலும் – வாசகர் கேள்வி பதில்

வீட்டிலிருந்தே தோல் பைகள், பணப்பைகள், கான்வாஸ் பொருட்கள் ஆகியவற்றைத் தைத்துப் பழகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: வீட்டில் பழைய கால்மிதி தையல் மெஷின் உள்ளது. அதில் ஆட்டுத்தோலில் ஒரு சிறு பை தைக்க முயன்றேன். நாலைந்து தையலுக்கு ஒருமுறை தையல் விட்டுப்போகிறது. டென்ஷனை இறுக்கினால் நூல் அறுந்துவிடுகிறது. மெஷினுக்கு வலு போதவில்லையா? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் மெஷினுக்கு வலு போதும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஆட்டுத்தோல் இரண்டு மடிப்பாக வந்தாலும் கால்மிதி மெஷின் அதைத் தாராளமாகத் தைக்கும். குறை பெரும்பாலும் ஊசியில்தான் இருக்கும்.

ஊசி அடிவரை இறங்கி மேலே திரும்பத் தொடங்கும் கணத்தில், அதன் காதருகே நூல் ஒரு சிறு கண்ணியாகப் பிதுங்குகிறது. ஷட்டிலின் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்தால்தான் தையல் விழும். துணிக்கான வட்ட முனை ஊசி தோலை வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழைவதால், தோல் அதை இறுகப் பற்றிக்கொண்டு அதனுடனேயே மேலே எழும்புகிறது. அப்போது கண்ணி பிதுங்க இடமில்லாமல் கொக்கி வெறுமனே சுற்றிவிடுகிறது. தையல் விட்டுப்போவதன் காரணம் இதுதான். ஆகவே முனை கத்திபோல் தீட்டப்பட்ட, தோலுக்கென்றே விற்கப்படும் ஊசியை வாங்குங்கள். 16 அல்லது 18 நம்பர் போதும். பாக்கெட்டின் மேல் 100/16, 110/18 என்று அச்சிட்டிருப்பதில் முதல் எண் ஊசியின் பருமனை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் கூறுவது. அதாவது 110 என்றால் 1.1 மில்லிமீட்டர். இதைவிடப் பெரிய ஊசியை வீட்டு மெஷினில் பொருத்தினால் அது கொக்கியிலோ ஊசித் தட்டிலோ உரசக்கூடும். பிரஷர் ஃபுட்டின் மேலுள்ள அழுத்தத் திருகைச் சற்று இறுக்கினால் தோல் எழும்புவதும் குறையும்.

நூல் அறுவதற்கும் மூலம் அதே துளைதான். மேல் நூலும் பாபின் நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு தோலின் நடுவே புதைந்து நிற்க வேண்டும். துளை சிறிதாகவும் நூல் தடிமனாகவும் இருந்தால் முடிச்சு உள்ளே ஏறாமல் அடிப்புறத்திலேயே தங்கிவிடும். அதை மேல் டென்ஷன் குறைவு என்று எண்ணித் திருகை இறுக்கிக்கொண்டே போனால் இறுதியில் நூல்தான் அறும். எந்தத் தையல் கோளாறு என்றாலும் டென்ஷன் திருகில் கை வைப்பதற்கு முன் ஊசியையும் நூலையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். டெக்ஸ் 70 அளவுள்ள பாண்டட் (இழைகள் பிரியாதபடி பிணைத்த) நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல், அதாவது ஆயிரம் மீட்டர் 70 கிராம் எடையுள்ள நூல், 18 நம்பர் ஊசிக்குச் சரியாகப் பொருந்தும். அதைவிடத் தடித்த நூலை வீட்டு மெஷினில் ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

தையலின் நீளத்தை 3 முதல் 4 மில்லிமீட்டர்வரை வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும் என்பது துணிக்குப் பொருந்தலாம். தோலிலோ அது தபால்தலைத் தாளின் துளை வரிசைபோல் ஆகி, இழுத்த இடத்தில் கிழிந்துவிடும். ஒருமுறை விழுந்த துளை மூடாது என்பதால் குண்டூசி குத்துவதையும், பிரித்துத் தைப்பதையும், முடிவில் பின்னோக்கித் தைத்துப் பூட்டுவதையும் தவிர்த்து, கிளிப் போட்டுப் பிடித்துத் தைத்து, நூல் முனைகளை அடிப்புறம் இழுத்து முடிச்சிடுங்கள். பிரஷர் ஃபுட் தோலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் டெஃப்லான் ஃபுட் வாங்கலாம்; கிடைக்காவிடில் ஃபுட்டின் அடியில் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றை ஒட்டினாலும் வேலை நடக்கும். கால்மிதி மெஷின் என்பது உங்களுக்கு ஒரு வசதியே: மோட்டார் மெஷினில் கிடைக்காத நிதானம் அதில் கிடைக்கிறது. மூலைகளில் மிதியைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடலாம்.

கேள்வி: சென்னை பெரியமேட்டில் பெல்ட் செய்வதற்காகத் தோல் வாங்கப் போனேன். எது தாவரப் பதனீடு, எது குரோம் பதனீடு என்று கண்டறிவது எப்படி? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: வெட்டு முகத்தைப் பாருங்கள். குரோம் உப்புகளால் பதனிட்ட தோலின் நடுப்பகுதி பெரும்பாலும் வெளிர் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். முழுவதும் சாயம் ஊறியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை பயன்படாது. மரப்பட்டை, காய் முதலியவற்றால் பதனிட்ட தோல் உள்ளே பழுப்பாக இருக்கும். மேற்பூச்சு இல்லாத பரப்பில் ஒரு துளி நீர் விட்டால் உறிஞ்சிக்கொண்டு கருமையாகும். மடித்து அழுத்திய வடிவத்தை ஓரளவு அப்படியே தாங்கும். இன்னும் உறுதி தேவையென்றால், கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி வந்து கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். தாவரப் பதனீட்டுத் தோல் சுருண்டு விறைத்துப்போகும். குரோம் தோல் பெரிதாக மாறாது. இரண்டும் கலந்து பதனிட்ட தோல்களும் சந்தையில் உள்ளன என்பதால் முடிவு இடைப்பட்டதாக வந்தால் வியப்படைய வேண்டாம்.

பெல்ட்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோலின் தாவரப் பதனீடுதான் ஏற்றது. குரோம் தோல் நாளடைவில் நீண்டுவிடும். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. உங்களுக்கு வேண்டியதோ நீளம். ஆகவே பரப்பைப் பாராமல், முதுகெலும்பை ஒட்டிய பகுதி போதிய நீளம் இருக்கிறதா என்று பார்த்து அதற்கு இணையாகவே பட்டையை வெட்டுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் தளர்வானது. அதில் வெட்டிய பெல்ட் வளைந்துபோகும்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது நம் பகுதிக்குரிய பழைய முறை. ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் கப்பலேறிய இத்தோல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இன்று பல பதனிடும் சாலைகள் ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வாட்டில் (வேல இனத்தைச் சேர்ந்த ஒரு மரம்) பட்டைச் சாறு பயன்படுத்துகின்றன. சென்னை அடையாற்றில் 1948-ஆம் ஆண்டு முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குவதும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலையே நம்பியிருப்பதும் நம் கைவினையாளர்களுக்கு ஒரு வாய்ப்பு. பிற மாநிலத்தவர் தபாலில் வரவழைக்கும் தோலை நாம் கையால் தடவிப் பார்த்து வாங்கலாம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் படத்தைப் பார்த்து வாங்குவோரைக் கண்டால் எனக்குச் சற்று வருத்தம்தான்.

கேள்வி: பணப்பையைக் கையால் தைக்க விரும்புகிறேன். இரண்டு ஊசித் தையல் மெஷின் தையலைவிட உறுதியானது என்பது உண்மையா? என் தையல் ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் நேராகவும் விழுகிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உண்மைதான். மெஷின் தையலில் மேல் நூல் மேற்புறத்திலேயும் பாபின் நூல் அடிப்புறத்திலேயும் ஓடி, இடையில் பின்னிக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையல்களும் ஒவ்வொன்றாகத் தளரும். இரண்டு ஊசித் தையலிலோ ஒரே நூலின் இரு முனைகளும் ஒவ்வொரு துளையின் வழியாகவும் எதிரெதிராகக் கடந்து இரு புறமும் மாறி மாறி வருகின்றன. ஒரு தையல் அறுந்தாலும் அந்தத் துளையில் மற்றொரு நூல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அந்த உறுதி தேவையில்லை. பையின் உட்புற அறையை மெஷினில் தைத்துவிட்டு, கைப்பிடி சேரும் இடத்தை மட்டும் கையால் தைப்பதே அறிவுடைய வேலை என்பேன்.

சாய்வைப் பற்றிக் கேட்டீர்கள். சாய்வு முதலில் துளையிலிருந்து வருகிறது. வட்டத் துளையிடும் பஞ்ச் போட்டால் நூல் ஏறக்குறைய நேர்கோடாகவே படியும். சாய்ந்த பற்களுள்ள இரும்புச் சீப்பால் அடையாளமிட்டு, அதே கோணத்தில் தட்டையான முனையுள்ள குத்தூசியைச் செலுத்தினால்தான் ஒவ்வொரு தையலும் சாய்ந்து நிற்கும். அடுத்தது வரிசை ஒழுங்கு. முதல் ஊசி எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, இரண்டாம் ஊசி முதல் நூலுக்கு மேலே நுழைகிறதா கீழே நுழைகிறதா என்பவை முதல் துளையில் எப்படி இருந்தனவோ அப்படியே கடைசித் துளைவரை இருக்க வேண்டும். இரண்டாம் ஊசி நுழைந்தபின் முதல் நூலை அதன் மேல் ஒருமுறை சுற்றிவிட்டு இழுத்தால் பின்புறத் தையலும் சாயும். தடித்த தோலில் இந்தச் சுற்று உள்ளே புதைந்துவிடும், மெல்லிய தோலில் புடைத்துத் தெரியும். இரண்டாம் ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் இருக்க, அது நுழையும்போது முதல் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். இரு முனைகளையும் ஒரே சீரான விசையோடு இழுங்கள். தோல் சுருங்கும் அளவுக்கு இழுத்தால் அது அதிகம்.

தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, இரு ஊசிகளில் கோப்பதற்கு ஒரு முழம் சேர்த்துக்கொள்ளுங்கள். லினன் நூலானால் தேன்மெழுகில் இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சாதாரணப் பருத்தி நூலைத் தோலுக்குப் போடாதீர்கள். தாவரப் பதனீட்டின் துவர்ப்பும் ஈரமும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதை இற்றுப்போகச் செய்யும். ஊசிகள் முனை மழுங்கியவையாக இருக்கட்டும். துளையிடுவது குத்தூசியின் வேலை.

கேள்வி: ஜீன்ஸ் கால்மடிப்பிலும் கான்வாஸ் பையின் ஓரத்திலும் தடித்த தையல் குறுக்கிடும் இடத்தில் மெஷின் நின்றுவிடுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: தடித்த இடத்தில் ஏறும்போது பிரஷர் ஃபுட்டின் முன்முனை தூக்கிக்கொண்டு பின்முனை தாழ்கிறது, பற்களுக்குத் துணியை நகர்த்தும் பிடி கிடைப்பதில்லை. அட்டைத் துண்டை அந்தத் தடிமனுக்கு மடித்து ஃபுட்டின் பின்பகுதிக்கு அடியில் வைத்தால் ஃபுட் மட்டமாகி ஏறிவிடும். இறங்கும்போது அதே அட்டையை முன்புறம் வையுங்கள். முன்கூட்டியே மடிப்பை மரச்சுத்தியால் தட்டித் தட்டையாக்கினால் பாதி வேலை குறையும். ஊசி ஜீன்ஸ் ஊசியாக இருக்க வேண்டும். தோல் ஊசியைக் கான்வாஸுக்குப் போட்டால் அதன் கத்தி முனை துணியின் இழைகளையே அறுத்துவிடும்.

கேள்வி: தோலின் வெட்டு ஓரங்களை வழவழப்பாக்குவது எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: தாவரப் பதனீடானால் உப்புத்தாளால் தேய்த்து, லேசாக நனைத்து, வழவழப்பான மரக்கட்டையால் சூடேறும்வரை வேகமாகத் தேய்த்துப் பின் தேன்மெழுகு பூசுங்கள். குரோம் தோலில் இது பலிக்காது. அதற்கு ஓரப் பெயின்ட் பூசலாம், அல்லது ஓரத்தை உளியால் மெல்லிதாகச் சீவி உட்புறம் மடித்து ஒட்டித் தைக்கலாம்.

கேள்வி: இருசக்கர வாகன சீட் உறைகளும் கான்வாஸ் பைகளும் தைக்க, பழைய வாக்கிங் ஃபுட் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? அதனுடன் உள்ள கிளட்ச் மோட்டாரை மாற்ற வேண்டுமா? (சேலம் வாசகர்)

பதில்: நீங்கள் செய்யவிருக்கும் வேலைக்கு ஏற்ற மெஷின் அதுதான். சாதாரண மெஷினில் அடிப் பற்கள் மட்டுமே பொருளை நகர்த்துவதால், ரெக்சினும் ஸ்பாஞ்சும் அடுக்கித் தைக்கும்போது மேலடுக்கு பின்தங்கி, முடிவில் ஓர் அங்குலம் மிஞ்சி நிற்கும். வாக்கிங் ஃபுட்டில் மேல் ஃபுட்டும் நடக்கிறது. ஊசியும் சேர்ந்து நகரும் ரக மெஷினில் அடுக்குகள் வழுக்க இடமே இல்லை. வாங்குமுன் ஊசியையும் நூலையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்; ஓரிடத்தில் மட்டும் இறுகினால் விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள். பிறகு நீங்கள் உண்மையில் தைக்கப்போகும் பொருளையே நான்கு மடிப்பாகக் கொடுத்து, நிதானமாகத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். துணித்துண்டில் ஓட்டிக் காட்டும் வேகம் எதையும் நிரூபிக்காது. இவ்வகை மெஷின்கள் பலவற்றுக்கு 135×17 என்னும் வகை ஊசி துணிக்கும் ரெக்சினுக்கும், 135×16 என்பது தோலுக்கும் பொருந்தும்; மெஷினின் வகையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மோட்டாரை மாற்றிவிடுங்கள். கிளட்ச் மோட்டார் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டேயிருக்கும். புதியவர் காலுக்கு அது அடங்குவது கடினம். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடுவதால் மின்சாரமும் ஓசையும் குறைவு. உச்ச வேகத்தையும் கட்டுப்படுத்தி வைக்கலாம். மிகக் குறைந்த வேகத்தில் தடித்த பொருளைக் குத்த அதற்கு விசை போதாமற்போனால் மோட்டாரில் உள்ள புல்லியைச் சிறிதாக்குங்கள். வேகம் குறைந்த அளவுக்கு விசை கூடும். சீட் உறைக்கு நைலான் நூல் வேண்டாம். வெயிலில் அது விரைவில் வலுவிழக்கும். பாலியெஸ்டர் நூல் வெயிலை நன்கு தாங்கும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பைகளில் வெண்பூஞ்சை படிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: தடவ வேண்டாம். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த வேளையில் உறைந்து தோலின்மேல் வெண்மையாகப் பூத்து, பூஞ்சை போலவே தோன்றும். அந்த வெண்மை எண்ணெயா பூஞ்சையா என்று அறிய, தலைமுடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடு காட்டுங்கள். எண்ணெயோ மெழுகோ ஆனால் உருகி மறையும், பூஞ்சை மறையாது. பூஞ்சையாக இருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, துணியில் சிறிது ஸ்பிரிட் தொட்டு மீண்டும் துடையுங்கள். நிறம் போகிறதா என்று கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் செய்யும் பெரிய உபசாரம். பருத்தித் துணிப் பையில் இட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மழை நிற்கும்வரை வாரம் ஒருமுறை அந்தத் தாளை மாற்றி வாருங்கள்.