பதில்: ஏஇசட்31 ராடு அமுக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பலவீனம்?

வணக்கம் நண்பரே. பெங்களூரு பீன்யாவில் எக்ஸ்ட்ரூட் செய்து (சூடான உலோகத்தை அச்சுத் துளை வழியே தள்ளி) வாங்கிய ஏஇசட்31 என்ற மெக்னீசியக் கலப்புலோக ராடு, இழுத்தால் 200 மெகாபாஸ்கல் வரை நிற்கிறது, அமுக்கினால் 100-லேயே விட்டுக்கொடுக்கிறது, மெஷின் தப்பா, சரக்கு தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே இல்லை. கையேடுகளிலும் ஏறக்குறைய இதே எண்கள்தான்.

மெக்னீசியம் அறுகோணப் படிகம். எக்ஸ்ட்ரூஷனில் பெரும்பாலான கிரெய்ன்களின் (உலோகத்துக்குள் இருக்கும் சின்னப் படிகங்களின்) சி-அச்சு, அதாவது அறுகோணத் தூணின் உயரவாக்கு அச்சு, ராடின் நீளத்துக்குச் செங்குத்தாகத் திரும்பிவிடும். நீளவாக்கில் அமுக்கும்போது அந்த அச்சு இழுபடுகிறது. உடனே ட்வின் (படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிக்கொள்வது) உருவாகி, அந்தப் பகுதி சுமார் 86 டிகிரி புரண்டுவிடும். அதற்குச் சொற்ப விசை போதும். இழுக்கும்போது இந்தக் குறுக்குவழி கிடையாது. உங்கள் அமுக்க வரைபடம் முதலில் தட்டையாகப் போய், அப்புறம் விறுவிறுவென்று ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் காரணம் ட்வின்தான், சந்தேகமே வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? கிரெய்னைச் சிறிதாக்குவதுதான் வழி. சில மைக்ரானுக்கு இறங்கினால் ட்வின் சுலபமாக உருவாகாது, வித்தியாசமும் நன்றாகக் குறையும். பில்லெட் (பிரஸ்ஸில் போடும் உலோகக் கட்டி) சூட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், பிரஸ்ஸுக்குத் தெம்பு இருந்தால். வேகத்தைக் கூட்டினால் உள்ளே சூடேறி கிரெய்ன் மறுபடி பெருத்துவிடும். அனீலிங் (சூடாக்கி மெல்ல ஆறவிடும்) யோசனையை விட்டுவிடுங்கள். கிரெய்ன்தான் வளரும், அச்சின் சாய்வு பெரிதாக மாறாது.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்க பிக்ரால் (பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) கொண்டு எட்ச் செய்வதானால் (மேற்பரப்பை லேசாக அரிப்பதானால்), பிக்ரிக் அமிலத்தைக் காயவிடாதீர்கள். வெடிக்கும்.