நிலையாமை என்று எழுதிய பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' பாட்டை (புறநானூறு 112) நடத்திவிட்டு மையக்கருத்து எழுதச் சொன்னேன். அநேகமாக எல்லாரும் 'நிலையாமை' என்று எழுதியிருக்கிறார்கள். தவறென்று சொல்ல முடியவில்லை, மதிப்பெண் போடவும் மனம் வரவில்லை. இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. 'நிலையாமை' நூறு பாட்டுக்குப் பொருந்தும். மையக்கருத்து என்னவென்று எடுத்த எடுப்பில் கேட்டால், நோட்ஸில் படித்த ஏதோ ஒரு சொல்லைத்தான் பிள்ளைகள் எடுத்து நீட்டுவார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

எந்தச் சொற்கள் திரும்ப வருகின்றன? திங்கள், நிலவு, குன்று, எந்தை (எம் தந்தை). நிலவு அப்படியே இருக்கிறது. இதுவரை பிள்ளைகளே வந்துவிடுவார்கள்.

அடுத்து, பாட்டில் இல்லாததைக் கேளுங்கள். அழுகை இல்லை. 'கொன்றார்' என்ற சொல்லும் இல்லை. அரசர்கள் குன்றைக் கொண்டார்கள் என்பதோடு சரி. பாரியை வஞ்சித்துக் கொன்றவர்களை 'வென்றெறி முரசின் வேந்தர்' (வென்று முரசறையும் வேந்தர்) என்பது இகழ்ச்சி என்கிறது பழைய உரை. ஆனால் அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசிச் சொல். 'எந்தை இறந்தான்' என்று அந்தப் பெண்கள் சொல்லவில்லை. 'உடையேம்' (உடையவர்களாக இருந்தோம்) என்றவர்கள் 'இலம்' (இல்லாதவர்களானோம்) என்கிறார்கள். இரண்டுக்கும் எழுவாய் 'நாங்கள்'தான். 'இலமென்று அசைஇ இருப்பாரை' என்ற குறளில் (1040) அதே சொல் வறுமையைச் சொல்லவும் வருகிறது. பாரியின் பறம்பு நாட்டில் முந்நூறு ஊரையும் பரிசிலர் பெற்றுவிட்டார்கள் என்கிறது புறநானூறு 110. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தவனின் மகள்கள் வாயில் 'இலம்' வருகிறது! இதை வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தானாகத் தொட்டுவிட்டால் அன்றைக்கு வேறு பாடமே வேண்டாம்.

அந்த விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். 'நிலையாமை'யை அடிக்க வேண்டாம். பக்கத்தில், 'இது எந்தச் சொல்லில் தெரிந்தது?' என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.