சுட்டுப் பார்க்காமல் பிஸ்டல் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்குக் கம்பம். மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. கூலிப் பணத்தோடு நேரங்கெட்ட நேரத்தில் மலை ஏறி இறங்க வேண்டியிருப்பதால் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன், இரண்டு வருஷம் நடையாய் நடந்து இப்போதுதான் .32 பிஸ்டலுக்குக் கிடைத்தது. மதுரையில் ஒரு கடையில் பழைய வால்தர் பிபிகே ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போல அவ்வளவு சின்னது. ஒரு பெரியவர் ஒப்படைத்தது. விலை, புது இந்தியத் துப்பாக்கியைப் போலப் பல மடங்கு. சுட்டுப் பார்த்து வாங்குகிறேன் என்றால், ‘ஜெர்மன் மால் சார், கண்ணை மூடிக்கொண்டு எடுங்க’ என்கிறார் கடைக்காரர். என் மச்சானோ, ‘பெரியவரையே எடுத்து வரச் சொல்லி நம்ம தென்னந்தோப்பில் நாலு ரவுண்டு போட்டுப் பார்த்துவிடுவோம்’ என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: தம்பி, இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள்.

மச்சான் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் அந்தத் துப்பாக்கியின் நம்பர் அதில் ஏறாதவரை அது பெரியவருடைய துப்பாக்கிதான், அதை வாங்கி நீங்கள் சுட்டால் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ‘நம்ம தோப்புதானே’ என்பது பதிலாகாது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி அஜாக்கிரதையாகச் சுட்டாலே 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்துவிட்டார்கள். சின்னத் துப்பாக்கிதானே என்று தோன்றும், ஆனால் .32 தோட்டா தென்னைமரத்தில் படாமல் போனால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும், உங்கள் தோப்புக்கு அந்தப் பக்கம் யார் களை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

சரி, கடைக்காரர். அவர் சொல்வது புதுத் துப்பாக்கிக்குப் பாதி பொருந்தும், ஏனென்றால் தொழிற்சாலையிலேயே அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சோதித்து முத்திரை குத்தித்தான் அனுப்புவார்கள். பழையதற்குச் சுத்தமாகப் பொருந்தாது. பிபிகே 1931-இல் வந்த மாடல். 1980-களின் நடுவிலிருந்து தனியார் இஷ்டத்துக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழியில்லை, அதனால்தான் அந்த விலை. அப்படியானால் நீங்கள் பார்த்த துப்பாக்கிக்குக் குறைந்தது நாற்பது வயது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருஷம் பீரோவில் தூங்கிய ஸ்பிரிங் எப்படி இருக்கும் என்று ஜெர்மனிக்கே தெரியாது.

ஆகவே சுட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் சுட வேண்டியதில்லை. பெரியவர் சுடட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். மதுரையிலேயே ரைஃபிள் கிளப் இருக்கிறது, இந்த மாதிரி ஒரு கிளப்பில் முன்கூட்டிப் பேசி, அனுமதி கிடைத்தால், அவருடைய லைசென்ஸ், அவருடைய துப்பாக்கி, அவர் கணக்குத் தோட்டா என்று எல்லாம் முறையாகப் போகும். தோட்டாக் காசை நீங்கள் கொடுத்துவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு ரவுண்டு போட்டுவிட்டு ‘வெடிக்குதுல்ல’ என்று மடித்து வைப்பதைத்தான் நான் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன், அது ஒரு சோதனையே இல்லை. மேகஸினில், அதாவது பிடிக்குள் செருகுகிற தோட்டாப் பெட்டியில், 7 தோட்டா, அதை முழுசாக நிரப்பி இரண்டு தடவை. முதல் தோட்டா எல்லாத் துப்பாக்கியிலும் வெடிக்கும், தளர்ந்த மேகஸின் ஸ்பிரிங் காலை வாருவது ஐந்தாவது ஆறாவதில்தான்.

ஒன்று வெடிக்காமல் போனால் உடனே துப்பாக்கியைத் திட்டாதீர்கள். அரை நிமிஷம் குழலை இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுப் பக்கமே பிடித்திருந்துவிட்டு, தோட்டாவை வெளியே எடுத்து அதன் பின்பக்கம் பாருங்கள். ஊசி ஆழமாகக் குத்தியும் வெடிக்கவில்லை என்றால் தோட்டா பழசு. பட்டும் படாமல் கீறல் மாதிரி இருந்தால் ஸ்பிரிங்கோ ஊசியோ போய்விட்டது, விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். காகித இலக்கையும் கழற்றிப் பாருங்கள். ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீளமாக இருந்தால் தோட்டா பக்கவாட்டில் புரண்டுகொண்டு போகிறது, குழலுக்குள் தோட்டாவைச் சுழல வைக்கும் வரி தேய்ந்த துப்பாக்கி, அதை வாங்கவே வேண்டாம்.

கடையிலேயே, தோட்டா இல்லாமல், ஒரு பென்சிலை வைத்துச் செய்கிற சோதனை ஒன்று சொல்கிறேன். மேகஸினைக் கழற்றுங்கள், மேல்பாகத்தை இழுத்து உள்ளே எதுவும் இல்லை என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதி செய்யுங்கள். (கடைக்காரர் ‘காலிதான் சார்’ என்று சிரிப்பார், சிரிக்கட்டும்.) பிபிகேயில் சேஃப்டியைக் கீழே தள்ளினால் சுத்தியல் தானே விழும், ஆனால் ஊசியைத் தொடக் கூடாது, அதுதான் அதன் ஏற்பாடு. சுத்தியலை ஏற்றிவைத்து, குழலை மேலே பார்க்கப் பிடித்து, மெலிந்த உருண்டைப் பென்சில் ஒன்றைத் தட்டைப் பக்கம் உள்ளே போகும்படி விடுங்கள், ஆறு பட்டைப் பென்சில் சிக்கிக்கொள்ளும். இப்போது சேஃப்டியைத் தள்ளுங்கள். பென்சில் அசையாமல் இருக்க வேண்டும். துள்ளினால் அந்தத் துப்பாக்கி உங்கள் இடுப்பில் இருக்கத் தகுதியில்லாதது. அப்புறம் சேஃப்டியை விடுவித்து டிரிகரை இழுங்கள், இப்போது பென்சில் எகிறி வெளியே வர வேண்டும், சோம்பேறித்தனமாக எழுந்து உட்கார்ந்தால் ஊசியின் வேகம் போதாது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் அது உங்கள் கைக்குச் சேருமா என்பது வேறு. சின்னத் துப்பாக்கி சுடச் சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நேர்மாறு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையை பிபிகேயின் மேல்பாகம் பின்னால் வரும்போது உரசிக் கிழிக்கும், பெரிய கைக்காரர்கள் ரத்தம் பார்த்திருக்கிறார்கள். முதல் சூட்டுக்கு டிரிகர் இழுப்பு கனமாக இருக்கும், அதில் குழல் கீழே சாயும். கிளப்பில் சேர்ந்து அவர்கள் பிஸ்டலில் பத்து நாள் பழகுங்கள், அதுவே உங்களுக்கு வேண்டிய ‘சுட்டுப் பார்ப்பது’. லைசென்ஸுக்காகப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கொடுத்திருப்பீர்களே, அது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தால் எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. தோட்டம் வண்டன்மேட்டில், அதாவது இடுக்கி மாவட்டம். லைசென்ஸ் தேனியில் வாங்கியது. அதில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கத்தோடு பிஸ்டல் நின்றுவிடும், ஒரு அடி தாண்டினால் நீங்கள்தான் குற்றவாளி. பயம் உங்களுக்கு மேலே, துப்பாக்கி கீழே வீட்டில் என்றால் எதற்கு இவ்வளவு பணம்? கேரளத்துக்கும் செல்லும்படி நீட்டிக்க முடியுமா என்று கலெக்டர் ஆபீசில் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மறுத்துவிட்டால், கூலியை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுப் பகலில் மலை ஏறுவது எந்த வால்தரையும்விட மலிவு.

கேள்வி: நகரியிலிருந்து எழுதுகிறேன். புதுசாக நிர்பீக் ரிவால்வர் வாங்கப் போகிறேன். அதையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திக் கொண்டுவந்தது, அரைக் கிலோ எடைதான், அதனாலேயே உதறல் தெரியும். வாங்கி, நம்பர் ஏற்றியபிறகு ஒரு ரேஞ்சில் சுடுங்கள். தோட்டா வாங்கும்போது மட்டும் ‘.32’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள், ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு, இரண்டுக்கும் அதே நம்பரைச் சொல்லிக் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. கைத்துப்பாக்கி போதுமா சார்?
– லோயர் கேம்ப் விவசாயி

பதில்: போதாது, காயப்பட்ட பன்றி உங்களைத் தேடித்தான் வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டால் லைசென்ஸ்காரர்கள் சுடலாம் என்று 2022-இல் கொண்டுவந்தார்கள், அதைக் கேள்விப்பட்டு இங்கே துப்பாக்கியைத் தூக்காதீர்கள், அந்த உத்தரவு நமக்குச் செல்லாது. ரேஞ்சர் ஆபீசில் மனு கொடுங்கள்.