சொந்தப் பாட்டை வெளியிடப் போகிறீர்களா? தேதியைக் கடைசியில் குறியுங்கள்

கேள்வி: நானே வரி எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று இருக்கிறது. நண்பர் ஒருவர் கீபோர்டில் இசை சேர்த்துக் கொடுத்தார். தோழி ஒருத்தி பாடினாள். வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் எல்லாவற்றிலும் வெளியிட ஆசை. எங்கே ஆரம்பிப்பது? ஒரு லேபிள், ‘பாட்டை எங்களிடம் கொடுங்கள், நாங்களே வெளியிடுகிறோம்’ என்கிறது. கொடுக்கலாமா?

பதில்: அந்த ‘அடுத்த மாதம்’ என்பதை மட்டும் இப்போதைக்கு அழித்துவிடுங்கள். தனியாகப் பாட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அதுதான். போஸ்டர் போட்டாயிற்று, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று; அப்புறம் மிக்ஸ் (குரலையும் இசையையும் அளவாகக் கலந்தது) சரியில்லை என்று காதுக்குத் தெரிந்தாலும் ‘பரவாயில்லை, போகட்டும்’ என்று விட்டுவிடத் தோன்றும். மாஸ்டர் ஃபைல், அதாவது வெளியிடத் தயாரான இறுதி ஒலி, கைக்கு வந்த பிறகு தேதி குறியுங்கள். அதுவரை செய்ய நிறைய இருக்கிறது.

முதலில் மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டின் உரிமை ஒன்று. அந்தப் பாட்டை ஒருவர் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலியின் உரிமை இன்னொன்று. இதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். நாளைக்கு வேறு யாராவது உங்கள் பாட்டை முறையாக அனுமதி வாங்கிப் புதிதாகப் பாடினால், பாட்டு உங்களுடையதாகவே இருக்கும், அந்தப் பதிவு அவருடையதாக இருக்கும். இரண்டிலிருந்தும் வரும் பணம் வேறு வேறு வழியில் வருகிறது. அதனால் பங்கையும் தனித்தனியாகத்தான் பேச வேண்டும்.

வரி, மெட்டு உங்களுடையவை என்கிறீர்கள். சரி. கீபோர்டு நண்பர் நீங்கள் சொன்ன கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மட்டும் வாசித்தாரா, அல்லது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் அந்த இசை அவருடைய கற்பனையா? பாட்டைக் கேட்டவர்கள் முணுமுணுக்கிற இடம் அதுவாக இருந்தால், பாட்டின் உரிமையிலேயே அவருக்கு ஒரு பங்கு கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. பாடிய தோழிக்கு மாஸ்டரில் பங்கு தரலாம், அல்லது ஒரு தொகை கொடுத்து முடிக்கலாம். எதுவானாலும், தன் குரலை வெளியிட அவர் சம்மதித்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும். பாட்டின் பெயர், மூன்று பேரின் சான்றிதழ்ப் பெயர், மேடைப் பெயர், பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டரில் யாருக்கு எத்தனை சதவீதம் (இரண்டும் தனித்தனியே நூறுக்குக் கூட வேண்டும்), செலவுப் பணம் முதலில் யாருக்குத் திரும்பும், விளம்பரத்துக்கோ படத்துக்கோ கேட்டால் யார் முடிவு சொல்வது. மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். பாட்டு யாருக்கும் தெரியாத நிலையில் இந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஓட ஆரம்பித்த பிறகு பேசினால் நட்பே முடிந்துவிடலாம்.

அதே உட்காரலில் நண்பரிடம் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: டிரம்ஸ், தபேலா எல்லாம் எங்கிருந்து எடுத்தார்? வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஓடவிடும் தயார் ஒலித்துண்டு) என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை, ஆனால் அதன் உரிமத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எங்கிருந்தோ இறக்கியது என்றால் மாற்றிவிடச் சொல்லுங்கள். பழைய பாட்டிலிருந்து ‘சில விநாடிகள்தானே’ என்று எடுத்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். இத்தனை விநாடி வரை இலவசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அப்படி ஒரு விதி கிடையாது.

இனி ஒலி. ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு குரல் டிராக்கை மட்டும் தனியாக ஓட விடுங்கள். வரி முடியும் இடங்களைக் கவனியுங்கள். குரல் நின்ற பிறகு அறை கொஞ்சம் பேசுகிறதா? காலி அறையில் கை தட்டினால் கேட்குமே, அந்தச் சன்னமான எதிரொலி குரலோடு ஒட்டியிருந்தால் மிக்ஸிங்கில் அதை முழுதாக எடுப்பது கடினம். குரலைப் பளிச்சென்று ஆக்க ஆக்க அதுவும் சேர்ந்து வெளியே வரும். அப்புறம் ‘ப’வில் தொடங்கும் சொற்களைக் கேளுங்கள். ‘பூ’, ‘பார்’ என்று வருமிடத்தில் ‘தப்’ என்று காற்று மைக்கில் மோதுகிறதா? ‘ஸ’ வருமிடத்தில் சீறுகிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தோழியை மறுபடி கூப்பிட்டுப் பாட வைப்பதுதான் மலிவான வழி.

மறுபடி பாடும்போது துணிமணி நிறைந்த அலமாரி உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். முட்டை அட்டையை ஒட்டுவதால் பயனில்லை. கனமான போர்வை, மெத்தை, துணி இவைதான் ஒலியை உறிஞ்சும். மைக்கிலிருந்து வாய் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், நடுவில் காற்று மோதலைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர், மைக் முகத்துக்கு நேராக இல்லாமல் சற்றே ஓரமாக. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்சஸ்தாயியில் உரக்கப் பாடும் இடம்கூடப் பதிவு மீட்டரில் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். சத்தம் குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கிழிந்ததை ஒட்ட முடியாது. ஒவ்வொரு வரிக்கும் மூன்று நான்கு டேக் வைத்துக்கொண்டு நல்லதைப் பொறுக்கிச் சேருங்கள்.

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு செலவுக்குத்தான் போதும் என்றால், அதை மிக்ஸிங்குக்குக் கொடுங்கள். வீடியோவுக்குக் கொடுக்காதீர்கள். இதில் பலரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனால் படம் சுமாராக இருந்து பாட்டு நன்றாக இருந்தால் வரியை மட்டும் திரையில் ஓடவிட்டு ஒப்பேற்றலாம். தலைகீழாக இருந்தால் வழியே இல்லை. பாட்டை நூறு தடவை கேட்ட உங்கள் காதுக்கு இல்லாததும் கேட்கும், இருப்பது கேட்காமலும் போகும். அதனால் மிக்ஸ் செய்பவர் வேறொருவராக இருப்பது நல்லது. அவருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக, எல்லாம் பாட்டின் பூஜ்ஜிய விநாடியிலிருந்தே தொடங்கும்படி எடுத்து அனுப்புங்கள். டெம்போ, ஸ்கேல், நீங்கள் செய்த ரஃப் மிக்ஸ், மூன்றையும் கூட வையுங்கள். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

மிக்ஸ் வந்ததும் முதலில் ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் அதெல்லாம் கேட்கவே கேட்காது. நல்ல ஸ்டூடியோவில் நெஞ்சை அதிரவைத்த பேஸ் ஃபோனில் காணாமல் போய், பாட்டே எலும்பும் தோலுமாக நிற்கும். பேஸைக் கூட்டச் சொல்லாதீர்கள், அது காரில் கேட்பவரைப் படுத்திவிடும். அதன் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள், செய்பவருக்குப் புரியும்.

மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் ‘இன்னும் சத்தமாக’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு, ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் வசதி சுமார் மைனஸ் 16 அளவுக்குச் சமப்படுத்தி ஓட்டுகின்றன. நீங்கள் நசுக்கி ஏற்றிய சத்தத்தை அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியபடியே கிடக்கும். அதற்காக மைனஸ் 14-ஐ அளவுகோல் வைத்துப் பிடிக்கவும் வேண்டாம். பாட்டுக்குப் பொருந்தும் அளவில் இருக்கட்டும். உச்சம் மட்டும் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் இருந்தால் போதும். பணம் கொடுப்பதற்கு முன் குரல் இல்லாத இசைப் பதிப்பையும் குரல் மட்டும் உள்ள பதிப்பையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் பாட, ரீமிக்ஸ் செய்ய, ஏதாவது குறும்படத்துக்குக் கொடுக்க என்று பின்னால் கட்டாயம் தேவைப்படும். அப்போது போய்க் கேட்டால் ப்ராஜெக்ட் ஃபைல் எங்கே என்று அவரே தேடிக்கொண்டிருப்பார்.

மாஸ்டர் வந்துவிட்டது. இப்போது டிஸ்ட்ரிப்யூட்டர். யூடியூபில் உங்கள் சேனலில் வீடியோவை நீங்களே ஏற்றலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் தனிநபர் நேரே ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். வருடச் சந்தா வாங்குபவர்கள் உண்டு, ஒருமுறை கட்டணமும் வருமானத்தில் கமிஷனும் எடுப்பவர்கள் உண்டு. வருடத்துக்கு நான்கைந்து பாட்டுப் போடுகிறவருக்குச் சந்தா லாபம். எப்போதாவது ஒன்று என்றால் ஒருமுறை கட்டணமே நிம்மதி. எதை எடுத்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: சந்தா கட்டாமல் விட்டால் பாட்டு நிற்குமா, இறக்கிவிடுவார்களா? சந்தா முறையில் தனியாகக் காசு கட்டினால்தான் நிற்கும் என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் உங்கள் பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்து-எண் கொண்ட ஒரு குறியீடு தருவார்கள். அதைப் பத்திரமாக எழுதி வையுங்கள். பின்னால் வேறு டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மாறினால், அதே ஒலியை, அதே விவரங்களோடு, அதே குறியீட்டைக் கொடுத்து ஏற்றினால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும். இசைப் பதிப்புக்கும் ரீமிக்ஸுக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும்.

விவரங்கள் நிரப்பும் பக்கத்தில் அவசரப்படாதீர்கள். உங்கள் பெயரிலேயே வேறு கலைஞர் இருக்கிறாரா என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரே முறை முடிவு செய்யுங்கள். ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுவதா, வெறும் எல் போதுமா, நெடிலுக்கு இரண்டு ஏ-யா ஒன்றா என்று ஒவ்வொரு பாட்டிலும் மாற்றினால், ஒருவரே மூன்று கலைஞராகச் சிதறிவிடுவீர்கள். அட்டைப்படம் சதுரமாக, 3000-க்கு 3000 பிக்சலில் இருக்கட்டும். அதில் ஃபோன் நம்பர், இணைய முகவரி, எந்தத் தளத்தின் லோகோவும் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

‘கன்டென்ட் ஐடி வேண்டுமா’ என்று ஒரு பெட்டி வரும். உங்கள் பாட்டை மற்றவர்கள் யூடியூப் வீடியோவில் பயன்படுத்தினால் கண்டுபிடித்து அந்த வருமானத்தை உங்களுக்குத் திருப்பும் ஏற்பாடு அது. பாட்டில் ஊரார் எல்லாரும் பயன்படுத்தும் லூப் இருந்தால் இதை டிக் செய்யாதீர்கள், சம்பந்தமில்லாதவர்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் புகார் போகும். டிக் செய்தால், உங்கள் சொந்தச் சேனலை விலக்கிவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீடியோவுக்கே உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும்.

இப்போது தேதி குறிக்கலாம். ஏற்றும் நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் தள்ளிக் குறியுங்கள். 2015 ஜூலையிலிருந்து உலக அளவில் புதுப் பாட்டுகள் வெள்ளிக்கிழமை வெளியாவது வழக்கம், ஆனால் உங்களுக்கு அது கட்டாயமில்லை. இந்த இடைவெளி எதற்கு என்றால், ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு வெளியீட்டுக்கு முன்புதான் பாட்டை முன்மொழிய முடியும். ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ கணக்கில் போய்க் குறைந்தது 7 நாள் முன்பே கொடுத்துவிட்டால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலிலும் அது வந்துவிடும். வெளியான பிறகு அந்தக் கதவு மூடிவிடும். ‘இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் பேசவே பேசாதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அபராதம் போடுகிறது, அவர்கள் உங்கள் பாட்டைத் தூக்கிவிடுவார்கள்.

லேபிள் விஷயம். அவர்களிடம் கேளுங்கள்: உரிமையை எழுதி வாங்குகிறீர்களா, குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் மட்டும் வாங்குகிறீர்களா? எத்தனை வருடம்? மாஸ்டர் மட்டுமா, வரி மெட்டின் உரிமையுமா? விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள், அது ஒப்பந்தத்தில் இருக்குமா, அந்தப் பணத்தை என் வருமானத்தில் கழிப்பீர்களா? ‘வெளியிடுகிறோம்’ என்பதன் பொருள் மேலே சொன்ன ஏற்றும் வேலை மட்டும்தான் என்றால் கொடுக்காதீர்கள். அதை நீங்களே ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். மூன்று நான்கு வருட உரிமம், மாஸ்டர் மட்டும், செலவுத் தொகை எழுத்தில் என்றால் யோசிக்கலாம். காலவரையின்றி எல்லா உரிமையும் என்றால், என்ன முன்பணம் தந்தாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பணத்தைப் பற்றி இரண்டு தகவல். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்பட்ட பதிவுக்குத்தான் ராயல்டி கணக்கு. அடுத்து, டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக வருவது மாஸ்டருக்கான பணம் மட்டுமே. வரிக்கும் மெட்டுக்கும் சேர வேண்டியதை, பாடலாசிரியர்கள் இசையமைப்பாளர்களுக்காக அந்தந்த நாட்டில் இயங்கும் ராயல்டி சங்கம்தான் வசூலிக்கும். அங்கே உறுப்பினராகி, மூவரும் கையெழுத்திட்ட தாளில் உள்ள அதே சதவீதங்களோடு பாட்டைப் பதிவு செய்யுங்கள். முதல் ஸ்ட்ரீமிங் கணக்கு வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். சங்கத்துப் பதிவை அதற்குள் முடித்துவிடலாம்.